அண்ணியின் சந்தேகம்

கேள்வி நேரத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து உயர்ந்த கை அண்ணியுடையது என்று தெரிந்ததும் பேராசிரியை உரைக் குறிப்புகளை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அண்ணி வரப்போவதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் தவறிப் போன பிறகு கடைத்தெருவைத் தவிர எங்கும் போகாதவள், இரண்டு பஸ் மாறி, இந்த அரங்கத்தைத் தேடிப் பிடித்து வந்து, முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மேடையின் பின்னால் ஆளுயரப் பதாகை. 'பேசாத வீடு இதயத்தை அரிக்கும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்தில் பேராசிரியையின் சிரித்த முகம்.

ஆராய்ச்சி சொன்னது என்னவோ ரொம்பச் சின்ன விஷயம். கணவன் மனைவியரை வரவழைத்து, வீட்டில் எதற்காக முட்டிக்கொள்வார்களோ அதையே பேசச் சொல்லி, ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயை மூடிக்கொண்ட ஜோடிகளுக்கு அழுத்தம் இறங்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது. அதுவும் சராசரியாகத்தான். சிலருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. அதோடு நிறுத்தியிருந்தால் இந்த அரங்கத்துக்கு ஒரு ஈ காக்கைகூட வந்திருக்காது. "மேடம், 'சராசரியாக', 'இருக்கக்கூடும்' இதெல்லாம் போட்டீங்கன்னா ஜனங்க ரேடியோவை மூடிட்டுத் தூங்கிடுவாங்க" என்று பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி வானொலிப் பேட்டிக்கு முன்பே சொல்லிவிட்டார். அவர் மேல் பழி போட்டுப் பயனில்லை. அரிக்கும் என்பது பேராசிரியையின் வாயிலிருந்து விழுந்த சொல். வானொலி நிலையத்திலிருந்து வீடு வரும் வழியெல்லாம் அதைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்து மகிழ்ந்ததும் அவள்தான்.

ஒலிவாங்கி அண்ணியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

"வணக்கம் மேடம்."

மேடமாம். 'வாத்தியாரம்மா' என்பது தங்கைக்கு அண்ணன் வைத்த பட்டப்பெயர். அண்ணியும் அதை விட்டு வேறு எதையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உறவைச் சொல்லிக்கொண்டு வரவில்லை, கூட்டத்தில் ஒருத்தியாக வந்திருக்கிறேன் என்று அண்ணி சொல்வது பேராசிரியைக்குப் புரிந்தது.

"ஒரு சந்தேகம். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குன்னு ஒருத்தர் சொல்றார். ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வரமாட்டேன்னு அடம் பிடிக்கிறார். வந்தாத்தான் உங்ககூடப் பேசுவேன்னு அவர் வீட்டுக்காரி வாயை மூடிக்கிட்டா. ஒரு வாரம் ஒரு வார்த்தை பேசல. அதுக்குள்ள அவர் போயிட்டார்." அண்ணியின் குரல் பிசிறவில்லை. அடுப்பில் என்ன இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். "ரேடியோவுல நீங்க சொன்னதைக் கேட்டேன். அந்த ஒரு வாரத்துல எவ்வளவு அரிச்சிருக்கும் மேடம்?"

முன்வரிசையில் துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடை ஓரத்தில் நின்ற மக்கள் தொடர்பு அதிகாரி, முடித்துக்கொள்ளுங்கள் என்று விரலைச் சுழற்றிக் காட்டினார். இந்த மாதிரி நேரத்துக்கென்றே கைவசம் ஒரு பதில் உண்டு. தனிப்பட்டவர்களைப் பற்றி இங்கே பேச முடியாது, மருத்துவரைப் பாருங்கள் என்று நழுவிவிடலாம்.

ஆனால் பேராசிரியை அந்தப் பக்கம் திரும்பாமல் அண்ணியையே பார்த்தாள். ஒரு வருஷமாக அண்ணி வாயடைத்துப் போயிருப்பதைத் துக்கம் என்றே நினைத்து விட்டுவிட்டாள். உள்ளே இப்படி ஒன்றை வைத்து வதைபடுகிறாள் என்று தெரியவில்லை. மௌனத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், அண்ணியிடம் ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"அரிக்கல அண்ணி" என்றாள்.

அண்ணி என்ற சொல் அரங்கம் முழுக்கக் கேட்டது. தலைகள் திரும்பின.

"அரிக்கும்னு ஆராய்ச்சி சொல்லவே இல்ல. அது நான் சொன்னது. கேக்க நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரத்துக்கு ரத்த அழுத்தம் கூடுதலா இருந்தது, அவ்வளவுதான் நாங்க பார்த்தது. அதை வச்சு ஒரு மனுஷன் ஏன் போனான்னு சொல்ல எனக்கு அருகதை கிடையாது. அந்தப் போர்டுல இருக்கிறது தப்பு."

துணைவேந்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதாகையைப் பார்த்தார்.

அண்ணி ஒலிவாங்கியைத் திருப்பித் தரவில்லை. "அப்போ, அரிக்கலன்னும் உங்களால சொல்ல முடியாதுல்ல?"

எத்தனையோ பேர் முன்னால் ஆய்வேட்டுக்காக வாதாடியவள், இப்படி ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டதில்லை. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அண்ணி கண்டுபிடித்துவிடுவாள்.

"முடியாது."

அண்ணி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்ததும் இருவரும் சிற்றுண்டிச்சாலைக்குப் போனார்கள். மேசை துடைக்கிறவரைத் தவிர ஆள் இல்லை. டீ வந்தது. அண்ணி அதைத் தொடவில்லை.

"அந்த வாரம் அண்ணன் எனக்கு போன் பண்ணாரு" என்றாள் பேராசிரியை. "புண்ணைக் கிளற வேண்டாம்னுதான் உங்ககிட்ட சொல்லல. 'உங்க அண்ணி மௌன விரதம். பேசாட்டி என்ன, டம்ளரை வைக்கிற சத்தத்துலயே வண்டி வண்டியாத் திட்டுறா'ன்னாரு. சொல்லிட்டு ஒரே சிரிப்பு."

போனில் கேட்ட ஒரே ஒரு சிரிப்பு. மாணவர் யாராவது இதைச் சான்று என்று கொண்டுவந்திருந்தால் பேராசிரியை தாளைத் தூக்கி முகத்தில் எறிந்திருப்பாள். ஆனால் அண்ணிக்குக் கொடுக்க அவளிடம் வேறு எதுவும் இல்லை.

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு அண்ணி."

அண்ணி டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தாள். அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு மேசை மேல் ஓங்கி வைத்தாள். 'ணங்'கென்ற சத்தத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பேராசிரியையின் டீ தளும்பித் தட்டில் சிந்தியது.

அண்ணி அவளைப் பார்க்கவில்லை. டம்ளரின் மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை.