எட்டாம் கட்டளையும் ஒரு விண்டோஸும்

ஐஸ் பெட்டியின் வயரை இழுத்துக்கொண்டு உள்ளறைக்கு வந்த செல்வதுரை, கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தார். வீட்டுக்காரர் எஸ்றா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எழுபது தாண்டியவரின் பிடியாக அது இல்லை.

“அண்ணாச்சி, ஹால் பிளக்குல தீப்பொறி பறக்கு. டீச்சர இன்னும் பெட்டிக்குள்ள வைக்கல. இதக் கழத்திட்டு அத மாட்டுதேன், விடுங்க.”

“ஹால் பிளக்கு நான் போட்டது. அதுல ஹார்பர் கிரேனையே ஓட்டிப் பாத்திருக்கேன்.”

“கிரேன வீட்டுக்குள்ள எப்படிக் கொண்டாந்திய?”

“அப்ப கடலு நம்ம தெரு வரைக்கும் கெடந்துது.”

பக்கத்து வீட்டுக்காரரான செல்வதுரை இந்தமாதிரிக் கதைகளைக் கேட்டே தலை நரைத்தவர். இன்றைக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். விடியற்காலையில்தான் இந்த மனுஷனின் மனைவி இன்பமணி டீச்சர் கண்ணை மூடியிருந்தார். கடைசியில் அடுக்களை மிக்ஸி பிளக்கிலிருந்து வயர் இழுத்து ஐஸ் பெட்டியை ஓட்டினார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் குரலைத் தாழ்த்தி, ஆனால் காதில் விழும்படியாக, பொண்டாட்டியைவிடக் கம்ப்யூட்டர் பெரிசாகப் போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

எஸ்றா பிளக்குக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். உடனே எழுந்தார். ஹாலுக்குப் போய்ப் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துண்டால் துடைத்து, முகத்தைப் பார்த்தார். திரும்பவும் அறைக்கு வந்து திரையைப் பார்த்தார். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு ஒரு நூல் நகர்ந்திருந்தது.

தூத்துக்குடியிலேயே காசு கொடுத்து விண்டோஸ் வாங்கின ஒரே ஆள் தன் மனைவிதான் என்பது எஸ்றா ஊர் முழுக்கச் சொல்லும் செய்தி. கம்பெனிக்காரனே நம்பாமல் கடல் தாண்டி போன் போட்டு, நிஜமாகவா என்று கேட்டானாம். போனைப் பற்றி உறுதி இல்லை; வாங்கினது உண்மை. கடைக்காரர் சும்மாவே ஏற்றித் தருகிறேன் என்றபோது, “எட்டாம் கட்டளை என்னன்னு சொல்லுங்க பாப்போம்” என்று கேட்டார் டீச்சர். நாசரேத்து ஊர் மிஷன் வளர்ப்பு. பைபிளில் களவு செய்யாதிருப்பாயாக என்றால் களவு செய்யக்கூடாதுதான். கண்ணுக்குத் தெரியாத சரக்கானாலும் கூடாது.

அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க் சில மாதமாக டிக் டிக்கென்று சத்தம் போட்டது. புது டிஸ்க்கில் புதிதாக விண்டோஸ் ஏற்றலாமென்றால், லைசென்ஸ் நம்பர் ஒட்டியிருந்த தாள் தேய்ந்து வெறும் வெள்ளையாகியிருந்தது. ஆகவே பழையதை அப்படியே புதியதற்கு நகல் எடுப்பது ஒன்றுதான் நேர்வழி. ஹார்பர் எலக்ட்ரிக்கல் பிரிவில் வேலை பார்த்த எஸ்றா, தானே செய்வதாகச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

நேற்றுச் சாயங்காலம்தான் உட்கார்ந்தார். நகல் எடுக்கும் புரோகிராம் பென்டிரைவிலிருந்து கிளம்பி, கறுப்புத் திரையில் ஏ என்றும் பி என்றும் இரண்டு டிஸ்க்குகளைக் காட்டியது. பொருத்தமாக இருக்கட்டும் என்று தேடித் தேடி ஒரே அளவில் வாங்கியிருந்தார், அதனால் வேறு அடையாளம் கிடையாது. எதிலிருந்து எதற்கு என்று அது கேட்டது. யோசித்துக்கொண்டிருக்கும்போது, நோயில் படுத்திருந்த டீச்சரின் குரல் கட்டிலிலிருந்து வந்தது.

“ஏங்க, ஒரிஜினல்தான போடுதிய?”

“ஆமாளா, ஆமா” என்று எதையோ அழுத்திவிட்டு, தண்ணீர் கொடுக்க எழுந்தார். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. அதற்குப் பிறகு டீச்சர் பேசவும் இல்லை.

காலையில் தாடைக்குத் துணி கட்டும்போதுதான் அவருக்கு உறைத்தது. அழுத்தினது ஏ-யிலிருந்து பி-க்கா, பி-யிலிருந்து ஏ-க்கா? மாற்றி அழுத்தியிருந்தால், காலி டிஸ்க், நிறைந்த டிஸ்க்கின் மேல் ஏறி அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. ரிட்டயரான பிறகு சாயங்காலம்தோறும் அவள் அதில் உட்கார்ந்து தட்டுவாள். என்ன தட்டுகிறாய் என்றால், “கணக்கு” என்பாள். அதைப் படிக்க வேண்டும் என்று அவருக்கு இல்லை. அவள் போன ராத்திரியில் அவர் கையாலேயே அது அழிந்தது என்று ஆகக்கூடாது, அவ்வளவுதான்.

மத்தியானம் பெங்களூரிலிருந்து மகள் ஷீஜாவும் மருமகன் கிளைட்டனும் வந்தார்கள். கிளைட்டனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எஸ்றா அவனை அழக்கூட விடாமல் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

“பழசு எது மாமா, ஏ-யா பி-யா?”

“தெரிஞ்சா உன்ன எதுக்குக் கூப்பிடுதேன்?”

“நிறுத்திப் பாத்திரலாமா?”

“சரியா ஓடிக்கிட்டிருந்தா? இடையில நிறுத்துனா அந்தக் கெழட்டு டிஸ்க் மறுபடி எந்திக்குமா?”

கிளைட்டன் கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்தான். டிக், டிக்.

“படிக்குதா எழுதுதா, சத்தத்த வச்சுச் சொல்ல முடியாது மாமா.”

“நான் ராத்திரியே காத வச்சுப் பாத்துட்டேன்” என்றார் எஸ்றா. எந்தச் சத்தத்தைச் சொல்கிறார் என்று கிளைட்டன் கேட்கவில்லை.

ஹாலில் போதகர் வந்து உட்கார்ந்திருந்தார். அடக்க ஆராதனையில் ஜீவிய சரித்திரம் வாசிக்க வேண்டும்; அதன் முடிவில் இறந்தவரின் கடைசி வார்த்தையைச் சொல்வது சபை வழக்கம்.

“அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?”

“ஒரிஜினல்தான போடுதியன்னு கேட்டா.”

போதகரின் பேனா நின்றது. டீச்சரின் தங்கை ஞானபாய் முந்தானையை வாயில் பொத்தினாள்.

“அத்தான், இன்னைக்குமா? அவ கெடக்கது தெரியலியா ஒங்களுக்கு?”

“ஏளா, நான் ஆயுசுல சொன்னதுலயே நெசம் இது ஒண்ணுதான்.”

“இயேசப்பான்னு சொன்னாங்கன்னு எழுதிக்கோங்க ஐயா” என்றாள் ஞானபாய். போதகர் அப்படியே எழுதிக்கொண்டார். அவள் நேற்று இந்த ஊரிலேயே இல்லை, சாத்தான்குளத்தில் இருந்தாள். எஸ்றா மறுபடி எழுந்து அறைக்குப் போனார்.

வெயில் சாய்ந்தபோது உடலைச் சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். எஸ்றா தலைமாட்டில் நின்றார். அந்த நேரம் பார்த்து அறை வாசலிலிருந்து கிளைட்டன் தலையை அசைத்தான். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார்.

“அத்தான், மூடப் போறாவ!”

“ஒரு நிமிசம் பொறுக்கச் சொல்லு.”

கோடு முடிந்திருந்தது. கிளைட்டன் பழைய டிஸ்க்கைக் கழற்றி, பென்டிரைவை எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினான். திரை கறுப்பாகவே இருந்தது. ஷீஜா வந்து அப்பாவின் தோளைப் பிடித்தாள். அவர் அதை உணர்ந்ததாகத் தெரியவில்லை. புள்ளிகள் தோன்றி வட்டமாகச் சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன. பிறகு நீல வெளிச்சம் வந்தது. நடுவில் இன்பமணி என்று பெயர். அதற்குக் கீழே ஒரு காலிக் கட்டம்.

“வந்துட்டு மாமா” என்றான் கிளைட்டன். “எல்லாம் இருக்கு. லைசென்ஸ் இந்த மெஷினோட ஒட்டினது, டிஸ்க் மட்டுந்தான மாத்திருக்கோம். ஒரிஜினலாத்தான் இருக்கும். பாஸ்வேர்டு என்ன?”

எஸ்றா ஷீஜாவைப் பார்த்தார். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

“ஒங்க பேரா இருக்குமோப்பா?”

“கணக்கு டீச்சர். அம்புட்டு லேசாவா வைப்பா.”

“பரவால்ல மாமா, ஒடச்சு உள்ள போயிரலாம். அஞ்சு நிமிசம்.”

“வேண்டாம்.”

கிளைட்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஷீஜா அவன் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனாள்.

ஹாலில் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். தொட ஆளில்லாத திரை மெல்ல மங்கியது. எஸ்றா குனிந்து மவுஸை லேசாக அசைத்தார். பெயர் மறுபடி வந்தது. ஞானபாய் வாசலிலிருந்து கூப்பிட்டாள். திரை மங்கியது. அவர் மறுபடி மவுஸைத் தொட்டார்.