பதினோரு மன்னிப்புகள்

ஹூரியாவுக்காக அதுவரை பதினோரு பேர் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து கெண்ட்ரிக்கின் முன்னால் தலை குனிந்தார்கள். டாமாட்டி மாமா முன்னோர்களின் பெயர்களில் தொடங்கி, ஆற்றையும் மலையையும் துணைக்கு அழைத்து, "இது எங்க எல்லாரோட அவமானம்" என்று முடித்தபோது அவர் குரல் உடைந்துவிட்டது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிக் குடும்பங்களில் அப்படித்தான். ஒருத்தி செய்த தப்பை எல்லோரும் தோளில் வாங்கிக்கொள்வார்கள். பதினைந்து வயது ஹூரியா அந்தத் தோள்களுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வாரங்களுக்கு முன் கெண்ட்ரிக்கின் பண்ணை வாசலில் சாவியோடு நின்ற பிக்கப் வண்டியை அவள் எடுத்து ஓட்டினாள். பாலத்துத் திருப்பத்தில் அது கவிழ்ந்தது. அவளுக்கு ஒரு கீறல். பின்னால் கட்டியிருந்த மந்தை நாய்க்கு ஒரு கால் போயிற்று.

இன்று குடும்பம் கூடி அதற்குப் பரிகாரமாக ஒரு திட்டம் சொல்ல வேண்டும். கெண்ட்ரிக்கும் போலீஸ்காரரும் ஒப்புக்கொண்டால் எல்லாம் இந்தக் கூடத்திலேயே முடியும். இல்லையென்றால் இளையோர் நீதிமன்றம்.

"இனி உங்க குடும்ப நேரம். நாங்க வெளிய இருக்கோம்," என்று கூட்டத்தை நடத்திய லொரெய்ன் மற்ற இருவரையும் அழைத்துக்கொண்டு போனாள். போலீஸ்காரர் ஒரு கேக் துண்டையும் எடுத்துக்கொண்டார்.

"வருஷம் பூரா சனிக்கிழமை அவர் பண்ணையில வேலை," என்றார் மாமா. "ரக்பி கிடையாது. போன் கிடையாது."

"மூச்சு விடலாமா, இல்ல அதுவும் கிடையாதா?" என்றாள் ரோய்மாட்டா சித்தி. "நீங்க டிராக்டரைக் குளத்துல இறக்கினப்ப எந்தக் கூட்டம் போட்டாங்க?"

"கூட்டமா? எங்கப்பா பெல்ட்டைக் கழட்டினார், அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹூரியா சித்தியின் கையை இழுத்தாள். "சித்தி, நான் படிக்கப்போற மன்னிப்புக் கடிதத்துல ஒரு வரி..."

"நல்லாத்தாண்டி எழுதியிருக்கோம். அழாம படி, போதும்."

வெளியே போனவர்கள் திரும்பி வந்தார்கள். மாமா திட்டத்தை வாசித்தார். கெண்ட்ரிக் தொப்பியை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதினோரு பேர் மன்னிப்புக் கேட்டாச்சு. எண்ணிட்டுதான் இருந்தேன். வண்டி ஓட்டினவ குரல் எப்படி இருக்கும்னுகூட எனக்கு இன்னும் தெரியாது."

ஹூரியா எழுந்தாள். கடிதத்தின் முதல் நான்கு வரிகள் தடங்கலில்லாமல் வந்தன. ஐந்தாவது வரியில் நின்றுவிட்டாள். 'பின்னால் நாய் இருந்தது எனக்குத் தெரியாது.' போலீஸிடமும் சித்தியிடமும் அவள் அதைத்தான் சொல்லியிருந்தாள். இப்போதும் படித்துவிட்டால் போதும். நீதிமன்றம் போக வேண்டியதில்லை. யாருக்கும் தெரியவும் போவதில்லை. கெண்ட்ரிக் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நாய் இருந்தது. வாசல்லயே பாத்தேன். வழி பூரா குரைச்சுது. நான் ரேடியோவைச் சத்தமா வெச்சுக்கிட்டேன்."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா பாதி எழுந்து அப்படியே நின்றார். போலீஸ்காரர் பேனாவைத் திறந்தார்.

"எதுவரைக்கும் குரைச்சான்?" கெண்ட்ரிக்கின் குரல் தாழ்ந்திருந்தது.

"பாலம் வரைக்கும்."

"கவுந்த பிறகு?"

"முனகிச்சு. நான் ஓடிட்டேன்."

கெண்ட்ரிக் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"குரைச்சுக் குரைச்சே மந்தையை ஓட்டற நாய் அவன்," என்றார் கடைசியில். "இப்ப வாயே திறக்கிறதில்ல. வண்டியைப் பாத்தா கொட்டகைக்குள்ள போயிடறான். வலின்னு நெனச்சேன். வலி இல்லன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்புறம் என்னதான்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். இப்பத்தான் புரியுது." திரும்பினார். "இந்தத் திட்டத்துக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

மாமா மெல்ல உட்கார்ந்தார். "புரியுதுங்க. கோர்ட்டுன்னா கோர்ட்டு."

"கோர்ட்டுன்னு யார் சொன்னா? ரக்பி ஆடட்டும், எனக்கென்ன. ஆனா சனிக்கிழமை வரணும். அவன் மறுபடி வண்டில ஏறற வரைக்கும் வரணும்."

லொரெய்ன் படிவத்தைப் புரட்டினாள். "இதுல எத்தனை மணி நேரம்னு ஒரு கட்டம் இருக்கே."

"நாயைக் கேட்டு நிரப்பிக்கோங்க."

"ஏறவே இல்லன்னா?" என்றார் மாமா.

"அதை இவகிட்ட கேளுங்க."

இந்த முறை யாரும் அவளுக்காகப் பதில் சொல்லவில்லை. கடிதம் கையில் கசங்கிப்போயிருந்தது.

"வந்துட்டே இருப்பேன்," என்றாள் ஹூரியா. போலீஸ்காரர் சம்மதமாகத் தலையசைத்துப் பேனாவை மூடினார்.

கெண்ட்ரிக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு லொரெய்னிடமிருந்து பேனாவை வாங்கினார். "காலைல ஆறரைக்கு. தூரமா உக்காரு, அவனா வரட்டும். ஒருவேளை குரைச்சான்னா, ஓடிடாத."

"ஓட மாட்டேன்."