நாலு சென்டிமீட்டர்

நாலு சென்டிமீட்டருக்காக நான் இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்றால் ஆளைக் குழாய்க்குள் தள்ளுவது என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள். இன்ஜினியர்கள் நாங்கள் வடிவமைத்தது திறந்த மிஷின். மேலே ஒரு காந்தம், கீழே ஒரு காந்தம், நடுவே நோயாளி. டாக்டர் பக்கத்தில் நின்று, படத்தைப் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் ஊசி விட்டுச் சதை எடுக்கலாம். 2003இல் திருத்தணி ஆஸ்பத்திரி ஒன்றில் அதைச் சோதனைக்கு வைத்தோம்.

மூன்று மாதத்தில், கட்டியோடு வந்த ஒன்பது பெண்கள் படுக்காமலே எழுந்து போனார்கள். இடம் குறுகல், பயந்துவிட்டார்கள் என்று நானே முடிவுகட்டிக் காந்தங்களை நாலு சென்டிமீட்டர் விலக்கினேன். விலக்கினால் படம் மங்கும். அதைத் தெளிவாக்குவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது.

அதன்பின் முதலில் வந்தவர் பள்ளிப்பட்டு தாயம்மாள். மார்பில் கட்டி. நான் எழுதிக்கொடுத்த தாளை நர்ஸ் தபிதாள் வாசித்தார்: உடம்பில் உள்ள உலோகம் எல்லாவற்றையும் கழற்றவும். தாயம்மாள் வளையலைக் கழற்றினார், கம்மலைக் கழற்றினார். பிறகு மஞ்சள் கயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்தார்.

“எம் புருஷன் உசுரோட கீறாரு. அத்த எதுக்கு நான் கயட்டணும்?”

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உயிர் பெரிசா, கயிறு பெரிசா? அந்தத் தங்கத்தைக் காந்தம் இழுக்கக்கூட இழுக்காது” என்று தபிதாளிடம் கத்தினேன்.

“அப்போ எதுக்கு சார் கயட்டச் சொல்றீங்க? கயித்துல தொங்கற இரும்பு ஊக்கைத்தான இழுக்கும்? அத்த மட்டும் கேட்டிருக்கலாமில்ல. முன்ன வந்தவங்களும் இதுக்குத்தான் போனாங்க.”

“ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கல.”

வெட்கமாக இருந்தது. என் மனைவியின் தாலிக்கயிற்றிலும் ஊக்குகள் தொங்குகின்றன, தினமும் பார்க்கிறேன். ‘எல்லாம்’ என்று எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பள்ளிப்பட்டு பஸ் இன்னும் கிளம்பவில்லை. ஜன்னலோரம் இருந்த தாயம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒன்பது பேர் இப்படியே போய்விட்டதையும் சொன்னேன்.

“தாலி கயுத்துலயே இருக்கலாமா?”

“இருக்கட்டும்மா. ஊக்கு மட்டும் குடுங்க.”

இறங்கி வந்தார். ஏழு ஊக்குகளை எண்ணிக் கொடுத்துவிட்டுப் படுத்தார். டாக்டரின் கை காந்தங்களுக்கு நடுவே தாராளமாகப் போயிற்று. பத்து நாளில் முடிவு வந்தது. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம், ஆபரேஷனில் சரியாகும் என்றார் டாக்டர்.

தாயம்மாள் என்னிடம் கேட்டார்.

“அந்த ஒம்போது பேருகிட்ட இத்த சொல்லிட்டியா, நைனா?”

சொல்லவில்லை. படம் நன்றாக வந்த சந்தோஷத்தில் எனக்கு அவர்கள் நினைவே வரவில்லை. தபிதாளிடம் விலாசங்களை வாங்கிக்கொண்டு அன்றே பஸ் ஏறினேன். பட்டியலில் முதல் பெயர் பொதட்டூர்பேட்டை சுலோச்சனா. அவர் எழுந்து போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது.