கயிற்றில் கை வைத்தவள்

எண்ணூர் முகத்துவாரத்துக்குத் தெற்கே இருந்த குப்பத்தில் ஊர்த்தலைமையான பெரியதனம் கோதண்டத்தின் குடும்பத்துக்கு உரியது. அவருடைய தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தின் படகில் பெண் கால் வைத்ததில்லை. வலையைத் தாண்டியதில்லை, துடுப்பைத் தொட்டதில்லை. மற்ற குப்பங்களில் சட்டதிட்டமெல்லாம் தளர்ந்துபோன காலத்திலும் கோதண்டம் தளரவில்லை. பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த அந்தப் பெரிய படகுக்குப் பக்கத்தில் அவர் நிற்கும்போது, படகு நிமிர்ந்து நிற்கிறதா, அவர் நிமிர்ந்து நிற்கிறாரா என்று சொல்ல முடியாது.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் அடித்த புயல் மழையில் கொசத்தலை ஆறு பெருகி, முகத்துவாரம் அகலப் பிளந்துகொண்டது. வடகரைக் குப்பத்துக்குப் போகும் ஓடத்தை வெள்ளம் கொண்டுபோயிற்று. மீஞ்சூர்ப் பக்கத்து வழியும் தண்ணீரில் கிடந்தது. முந்தின நாள் கட்டுமரத்தில் தப்பி வந்த ஒருவன், வடகரையில் வாந்திபேதி கண்டிருக்கிறது என்று சொன்னான். கோதண்டத்தின் ஒரே மகள் முத்தம்மா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கைக்குழந்தைக்காரி. அதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. வெற்றிலையை மட்டும் விடாமல் மென்றுகொண்டிருந்தார்.

மழை விட்ட அன்று காலை கடல் சற்று அடங்கியது. பல நாள் பட்டினிக்குப் பிறகு பெரிய வலையை விட்டார்கள். படகு கடலில் அரைவட்டமாகச் சுற்றி வலையைப் போட்டுக் கரைக்கு வந்துவிட்டது. இரண்டு கயிறுகளையும் பிடித்து ஆண்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் மணலில் சறுக்கிக்கொண்டு ஒரு ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர்கள் மூன்று பேர். செம்பட்டை மயிரும் பனைமர உயரமுமாக ஒரு வெள்ளைக்காரி. நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவையில் குள்ளமான ஒரு தமிழ்ப் பெண். மருந்துப் பெட்டியைக் குழந்தை மாதிரி இடுப்பில் அணைத்தபடி, நகராட்சிக் கம்பவுண்டர் தண்டபாணி.

கோதண்டம் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நேராக வெள்ளைக்காரியிடம் போய்க் கும்பிட்டார். அவளும் சிரித்தபடி கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த குள்ளமான பெண்ணைக் கையால் காட்டி, ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

"நான்தான் தலைவி, நைனா" என்றாள் குள்ளமான பெண். "என் பேர் எல்சி. டாக்டர். உலக மாதர் உதவிச் சங்கத்திலேர்ந்து வரோம். இவங்க இங்கிரிட், நார்வே தேசத்து நர்ஸ். என் கூட வேலை செய்றாங்க."

கோதண்டத்துக்குச் சட்டென்று விளங்கவில்லை. வெள்ளைக்காரி ஒருத்தி கறுத்த பெண்ணுக்குக் கீழே வேலை செய்வதை அவர் பார்த்ததில்லை.

"எந்த ஊரும்மா உனக்கு?"

"ராயபுரம். ரயில்வேல ஃபயர்மேனா இருந்தாரே ஸ்டானிஸ்லாஸ், அவர் பொண்ணு."

"அட! கரி அள்ளிப் போட்டுகினு இருந்த ஸ்டானிஸ்லாஸ் பொண்ணா நீ? இம்மாம் பெரிய ஆளாயிட்டியா?"

ஆகித்தான் இருந்தாள். சண்டைக் காலத்தில் பர்மாவிலிருந்து நடந்தே வந்த சனங்களுக்கு முகாமில் மருந்து கட்டியவள். சண்டை முடிந்த பிறகு சங்கம் அவளைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பியது. வீடிழந்தவர்களின் முகாம் ஒன்றை அங்கே அவள்தான் நடத்தினாள். இப்போது கீழ்த்திசை நாடுகள் முழுவதற்கும் சங்கத்தின் தலைவி. இவ்வளவையும் தண்டபாணி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"வடகரைல எல்லாருக்கும் காலரா ஊசி போடணும், நைனா. ஆத்து வழியா போவ முடியாது. கடல் வழியா சுத்திகினு போவ உங்க படகு ஒண்ணுதான் கீது. எங்கள ஏத்திகினு போங்க."

கோதண்டத்தின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"மருந்தை ஏத்தறேன். மவராசியா இரு. ஆனா பொம்பளை எங்க படகுல ஏறுனதில்லே. எங்க தாத்தா காலத்துலேர்ந்து இல்லே. என் காலத்துலயும் நடக்காது."

"மருந்து தானா போய் ஊசி போட்டுக்குமா, நைனா?"

கயிறு இழுத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கோதண்டம் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"கம்பவுண்டர் ஆம்பளைதானே? அவரு வரட்டும்."

தண்டபாணியின் முகம் வெளுத்தது. ஆனாலும் அரசாங்க உத்தியோகஸ்தர் அல்லவா? வேட்டியை மடித்துக் கட்டினார். பெட்டியோடு படகில் ஏறி உட்கார்ந்தார். நாலு பேர் தள்ளினார்கள். முதல் அலை படகின் மூக்கைத் தூக்கிக் கீழே போட்டது. அடுத்த அலை வருவதற்குள் "ஐயோ, பெத்த தாயே!" என்று ஒரு குரல் கேட்டது. மூன்றாவது அலையில் தண்டபாணி படகின் ஓரத்தில் தொங்கிக்கொண்டு, காலையில் தின்ற இட்லியைக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். படகைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

"எனக்குப் புள்ளகுட்டி கீதுங்க" என்று மணலில் கிடந்தபடியே சொன்னார். "இன்னா வேணா செய்ங்க. அந்தாண்ட மட்டும் என்னை அனுப்பாதீங்க."

"எந்திரி, தண்டபாணி. நீ வயித்தைப் பாரு, பெட்டிய நாங்க பாத்துக்கறோம்" என்றாள் எல்சி.

கோதண்டம் வடக்கே பார்த்தார். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் தென்னைகள் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தன. அந்தத் தென்னைகளின் கீழேதான் முத்தம்மா இருந்தாள். கண்ணுக்கு எட்டுகிற தூரந்தான்.

அவருடைய மனைவி புஷ்பவல்லி மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். ஏலக்குரல்காரி. அவள் விலை கூவினால் திருவொற்றியூர் வரைக்கும் கேட்கும் என்பார்கள். அவ்வளவு நேரமும் அவள் வாயைத் திறக்காததே குப்பத்துக்குப் பயமாக இருந்தது.

"இந்தா பாருய்யா" என்றாள் கடைசியில். "அங்க கீறவ உன் பொண்ணா, ஊரான் பொண்ணா?"

"தெரியும். நீ சொம்மா இரு."

"சொம்மாதான் கீறேன். நீதான் தலைப்பாவ கட்டிகினு நிக்கறே."

"தலைப்பா எங்க தாத்தா கட்டுனது. அத்த நான் அவுக்க மாட்டேன்."

புஷ்பவல்லி எழுந்தாள்.  புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்சியிடம் போனாள்.

"டாக்டரம்மா, உன் கை மெத்துன்னு கீறா மாதிரி கீது. கயிறு இழுப்பியா?"

"எதுக்கும்மா?"

"கேள்வி கேக்காதே. இழுப்பியா, மாட்டியா?"

எல்சி அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பல தேசத்து முகங்களைப் பார்த்துப் பழகியவள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். செருப்பைக் கழற்றி ஜீப்பில் போட்டாள். வடக்குக் கயிற்றின் கடைசியில் போய் இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் பிடித்ததைப் பார்த்து இங்கிரிட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் பின்னால் வந்து நின்றாள்.

இழுப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் தடுக்கவில்லை. வலையைத் தாண்டாதே, துடுப்பைத் தொடாதே என்றுதான் பெண்களுக்குச் சட்டம். கயிற்றைப் பற்றித் தாத்தா ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. கூடையோடு காத்திருப்பதே பெண்களின் வேலையாக இருந்ததால், அதைச் சொல்லிவைக்க அவருக்குத் தோன்றவில்லை போலும்.

கோதண்டமும் பார்த்தார். தாத்தா சொல்லாததை அவராக எப்படிச் சொல்வார்? பக்கத்தில் போய், "கையால இழுக்காதம்மா, இடுப்பால இழு. காலை மணல்ல பொதைச்சிக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். இங்கிரிட்டின் முகம் வேகவைத்த நண்டு மாதிரிச் சிவந்துவிட்டது. எல்சியின் உள்ளங்கை தோல் உரிந்தது. ஆனாலும் இழுப்பவர்களின் பாட்டுக்குத் தகுந்தபடி இருவரும் சாய்ந்து சாய்ந்து இழுத்தார்கள். நார்வேக்காரிக்குப் பாட்டின் அர்த்தம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. அன்று பாடியவன் அவளுடைய உயரத்தை வைத்தே அடி கட்டிக்கொண்டிருந்தான்.

மீன் சேர்ந்த வலையின் மடி கரையேறியது. காரப்பொடியும் நெத்திலியும் கானாங்கெளுத்தியுமாக வெள்ளி கொட்டினாற்போல் மணலில் துள்ளின. குப்பமே சுற்றி நின்றது. வழக்கப்படி கோதண்டமே மீனைக் கூறு போட்டார். வலைக்கு, படகுக்கு, சாமிக்கு, பிறகு இழுத்தவர்களுக்கு. ஒவ்வொருவனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். எல்லாம் முடிந்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு கூடையில் மிச்சமிருந்ததை இரண்டு கூறாக்கி எல்சியின் முன்னாலும் இங்கிரிட்டின் முன்னாலும் வைத்தார்.

"எனக்கெதுக்கு, நைனா?"

"எங்க ஊட்டு சட்டம். கயிறு புடிச்சவங்க யாரா இருந்தாலும் பங்கு உண்டு. ஒரு தபா போலீஸ்காரன் ஒருத்தன் சும்மா வெளையாட்டா புடிச்சான். அவனுக்கும் எங்க தாத்தா பங்கு குடுத்தாரு. இல்லேன்னு சொல்ற வழக்கம் இந்த வம்சத்துல இல்லே."

கூட்டம் தலையாட்டியது. புஷ்பவல்லி இரண்டு அடி முன்னால் வந்தாள். ஏலத்தில் கடைசி விலையைக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"யாரா இருந்தாலும்னு சொன்னியே, அது நெஜந்தானே?"

"நெஜந்தான்."

"பங்கு வாங்கினவன் யாரு? படகு ஆளுதானே?"

"படகு ஆளுதான். அதுல இன்னா சந்தேகம்?"

"ஒரு தபா ஒரு பங்காளிய கரையில வுட்டுட்டு படகு போயி, வெட்டுக்குத்தாயி, பஞ்சாயத்து வெச்சாங்களே. உங்க தாத்தாதான் தீர்ப்பு சொன்னாரு. இன்னா சொன்னாரு?"

கோதண்டம் பதில் சொல்ல வாயெடுத்தார். நிறுத்தினார். அவருக்கு விளங்கிவிட்டது. குப்பத்துக்கும் விளங்கிவிட்டது. யாரோ ஒருவன் பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தான்.

"சொல்லுய்யா."

"பங்கு வாங்கினவனைக் கரையில வுடக் கூடாதுன்னாரு" என்றார் கோதண்டம், கடலைப் பார்த்துக்கொண்டு.

"அப்போ?"

பெண்ணுக்குப் பங்கில்லை என்று இப்போதும் சொல்லலாம். சொன்னால், யாராக இருந்தாலும் என்று சற்றுமுன் ஊர் நடுவில் சொன்ன வாக்கு போய்விடும். வாக்குப் போன பெரியதனம் அந்த வம்சத்தில் இருந்ததில்லை. எல்சி உரிந்த கையை முந்தானையில் ஒற்றிக்கொண்டு நின்றாள். வடக்கே தென்னைகள் தெரிந்தன. மனைவியின் மேல் வந்த கோபத்தைத் தேடிப் பார்த்தார். அது எங்கேயோ போய்விட்டிருந்தது. அதன் இடத்தில், நெஞ்சின் மேலிருந்து யாரோ பாறையை எடுத்துவிட்டது போல ஒன்று இருந்தது. அதை முகத்தில் காட்டிக்கொள்வாரா?

"இன்னாடா பாத்துகினு நிக்கறீங்க?" என்று கத்தினார். "படகை எறக்குங்கடா! ஆளு ஏறணும்!"

பின்துடுப்பை அவரே பிடித்தார். படகு அலையைத் தாண்டியது. தையல் இடுக்குகளில் தண்ணீர் கசிந்து படகின் அடியில் தேங்கியது.

"டாக்டரம்மா! ஆளுன்னா சொம்மா குந்திகினு வர முடியாது. டப்பாவ எடு, தண்ணிய மொண்டு ஊத்து."

"சரி, நைனா."

ஐரோப்பாவில் முகாம் நடத்தியவள் குனிந்து தண்ணீர் மொண்டாள். இங்கிரிட் மருந்துப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த உயரத்துக்கு எந்த அலையும் எட்டவில்லை. "இவ பிரயோசனமான ஆளுதான்" என்று கோதண்டம் ஒப்புக்கொண்டார்.

வடகரையில் சனம் கரைக்கு ஓடிவந்தது. முன்னால் நின்றவர் முத்தம்மாவின் மாமனார். அவரும் அந்தக் குப்பத்தின் பெரியதனம். இருவருக்கும் கௌரவத்தில் எப்போதும் ஒரு போட்டி உண்டு. படகில் இருந்தவர்களைக் கண்டதும் அவருக்குப் பண்டிகை வந்தது போலாயிற்று.

"இன்னா சம்பந்தி! உன் படகுல பொம்பளை வருது? கண்ணு எனக்கு அவிஞ்சி போச்சா, உனக்கா?"

கோதண்டம் படகிலிருந்து குதித்தார். தலைப்பாகை நனையவில்லை.

"பொம்பளை எங்க கீது? என் படகுல ஆளுங்கதான் கீறாங்க. பங்கு வாங்கினவங்க. உன் படகுல இந்த மாதிரி ரெண்டு ஆளு இருந்தா காட்டு, பாக்கலாம்."

மாமனார் படகை எட்டிப் பார்த்தார். அதற்குள் எல்சி கரையில் ஏறிவிட்டாள். அதோடு கோதண்டத்தின் அதிகாரம் முடிந்தது. அவள் குரலே மாறியது. கிணற்றை மூடச் சொன்னாள். தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னாள். படுத்திருந்தவர்களைத் தனிக் குடிசைக்கு மாற்றினாள். சனங்களை வரிசையில் நிற்கச் சொன்னாள். ஊசியைக் கண்டதும் வரிசை கலைந்து பின்வாங்கியது.

"நைனா, மொதல்ல நீங்க."

"நானா? நான் தெக்குக் குப்பத்து ஆளும்மா."

"இங்க வந்துட்டீங்கல்ல? இங்க நான் சொல்றதுதான்."

கோதண்டம் சட்டைக் கையைச் சுருட்டினார். இரண்டு குப்பமும் பார்க்கும்படி நிமிர்ந்து நின்று ஊசி போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை. வேறு வழியில்லாமல் மாமனாரும் கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை தானாகச் சேர்ந்தது.

முத்தம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இருவருக்கும் ஒன்றுமில்லை. "நைனா, நீ சாப்டியா?" என்றாள். அப்போதுதான் தமக்குப் பசிக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. கஞ்சியைச் சட்டியோடு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் காலையும் வலை விட்டார்கள். வடகரைக்கு மறுபடி போகவேண்டியிருந்ததால் எல்சியும் வந்திருந்தாள். கோதண்டம் படகிலிருந்து இறங்கிக் கரையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தெற்குக் கயிற்றில் ஆண்கள். வடக்குக் கயிற்றில் புஷ்பவல்லி முன்னால் நிற்க, குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்கள்.

"இது இன்னா பேஜாரு?"

"பங்குய்யா" என்றாள் புஷ்பவல்லி. "யாரா இருந்தாலும்னு சொன்னியே. உங்க தாத்தா சட்டம்."

கோதண்டம் எல்சியைப் பார்த்தார். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அவர் மெதுவாக நடந்து வடக்குக் கயிற்றின் அருகே போனார். முதுகு வளையவில்லை.

"இழுக்கறதுன்னா ஒழுங்கா இழுங்க. கையால இல்லே, இடுப்பால" என்றார். "வலை கிழிஞ்சா எல்லார் பங்குலயும் புடிப்பேன்."