வெறும் பையோடு நாற்பத்து நான்கு நிமிடம்

மார்ச் 14, வியாழக்கிழமை, காலை 9.10. மூன்றாவது மாடியிலிருந்த ஒரு வீடியோ கேம் நிறுவனத்தில், சோதனையாளன் தன் கதாபாத்திரத்தை மேற்குக் கடற்கரையில் நிறுத்தி, கைபேசியில் நேரத்தை ஓடவிட்டான். 9.54க்கு அந்த உருவம் கிழக்கு மலையடியில் முட்டி நின்றது.

நாற்பத்து நான்கு நிமிடம். போன வருடம் அவனே அளந்து எழுதிக் கொடுத்தது எழுபத்தொன்று.

அலுவலகத்தில் அவனை நடைவண்டி என்பார்கள். ஒரு விளையாட்டின் மீட்டரும் இன்னொன்றின் மீட்டரும் ஒன்றல்ல. அதனால் ஓரத்திலிருந்து ஓரம் வரை நடந்து, ஆன நேரத்தை வைத்தே நிலங்களை ஒப்பிட்டார்கள். சந்தையில் ஆகப் பெரியதாகச் சொல்லப்பட்ட விளையாட்டுக்கு ஐம்பத்தெட்டு நிமிடம் ஆனது. அதைவிடப் பெரிய நிலம் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்துத்தான் வெளியீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். மறுநாள் நான்கு மணிக்கு அந்த நிறுவனத்தின் அளவையாளர் வந்து நடந்து பார்க்கப்போகிறார்.

நடைவண்டி எழுந்து வரைபடக்காரியின் மேஜைக்குப் போனான். நான்கு வருடமாக அந்த நிலத்தை உருவாக்கியவள், பதினொரு பேர் குழுவுக்குத் தலைவி, அவனுக்குக் கூடப்பிறந்த அக்கா.

“அக்கா, திட்டாம கேளு.”

“இப்படி ஆரம்பிச்சாலே திட்டுற விஷயம்தான். சொல்லு.”

“போன வருஷம் நிலத்த அளந்தப்போ பை நிறைய கல்லு இருந்திருக்கு.”

அவர்கள் விளையாட்டில் பை நிறைந்தால் கதாபாத்திரத்தின் நடை தளரும். அதைச் சோதிக்கக் காலையில் கல் பொறுக்கியவன், பையைக் காலி செய்ய மறந்து, பிற்பகலில் நிலத்தை அளந்திருக்கிறான். மற்ற விளையாட்டுகளில் வெறுங்கையோடுதான் நடந்திருந்தான்.

“உன்ன வேலைக்குச் சேத்தவள செருப்பாலயே அடிக்கணும்டா.”

“அது நீதான்க்கா.”

“தெரியும்! வாய மூடு.”

அவள் கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினாள். முதலில் கிழக்கு மலையின் கண்ணுக்குத் தெரியாத சுவரை எடுத்தாள். ஏறிப் போன கதாபாத்திரம் பாறைக்குள் விழுந்து, அடியில் ஒன்றுமே இல்லாத சாம்பல் நிறத்தில் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு நடுச் சமவெளியை இழுத்து நீட்டினாள். மரங்கள் வேர் தெரிய அந்தரத்தில் நின்றன. ஆற்றுப் பாலம் கரையைத் தொடவில்லை. இரண்டையும் பழையபடியே வைத்தாள். சாப்பாட்டுப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் நடைவண்டி தயங்கித் தயங்கிச் சொன்னான். “ஒரே ஒரு எண்ண மாத்தினா போதும்க்கா. நடை வேகத்தக் கொறச்சிரு. அவருக்கு எப்படித் தெரியும்?”

அவள் மறுக்கவில்லை. மாற்றினாள். அறுபத்திரண்டு நிமிடம் வரும் என்று கணக்குப் போட்டார்கள். சரிபார்க்க ஓநாய் துரத்தும் இடத்தை அவளே விளையாடினாள். பாலத்தின் பாதியிலேயே ஓநாய்கள் பிடித்துவிட்டன. மறுபடி ஆடினாள். ஏழு முறை செத்தாள்.

“ஓநாயையும் மெதுவாக்கு,” என்றான் தம்பி.

“அப்புறம் மழை, வண்டி, அம்பு எல்லாத்தையும் மெதுவாக்கணும். ஆடுறவன் தூங்கிருவான்டா.” அவள் விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள். “நாலு வருஷம்டா. ஒவ்வொரு புதரையும் நான் என் கையால வச்சேன். இது சின்னதுன்னு ஒருத்தன் வந்து எழுதிட்டுப் போகப் போறான்.”

“என்ன வேலைய விட்டு அனுப்பிட்டு, தப்பு என்னோடதுன்னு சொல்லிரேன்.”

“சொன்னா நிலம் நீளுமா?”

3.40க்கு அவள் பழைய எண்ணைத் திரும்பப் போட்டாள்.

அளவையாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அவர் உட்காருவதற்குள் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார்.

“சரிங்க. ஆனா நான் நடந்துதான் எழுதணும்.”

நடந்தார். மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமவெளி நடுவில் ஒருமுறை நின்று சுற்றிப் பார்த்தார். நின்ற நேரத்தைக் கழித்துக்கொண்டார். மலையடியை எட்டியதும் நாற்பத்து நான்கு என்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஒப்பந்தம் ரத்தான மின்னஞ்சல் வந்தது. மாதக் கடைசியில் எட்டுப் பேருக்கு வேலை போனது. அவர்களில் நடைவண்டியும் ஒருவன். விளையாட்டு வெளிவரவில்லை.