இரண்டாம் மாடியில் இரண்டு வரிசைகள்

எங்கள் ஊர் பாலிகிளினிக்கில் டோக்கன் கிடையாது. மாடிப்படி ஏறி வந்ததும் நடைவழியைப் பார்த்து "யார் கடைசி?" என்று உரக்கக் கேட்க வேண்டும். யாராவது "நான்" என்பார்கள். அந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். பிறகு ஜன்னலோரம் நின்றாலும், கீழே போய் மெஷின் காபி குடித்தாலும், நம் இடம் நம்முடையது. இரண்டே வார்த்தைகள்தான். அன்று காலை எனக்கு அவை வாய்க்கு வரவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு பென்காவின் பேக்கரியில் எனக்கு வேலை தொடங்க வேண்டும். பின்கட்டில் மாவு இழுத்து, பாலாடைக்கட்டி தூவி, பனிட்சா என்ற அடுக்குப் பலகாரம் சுருட்டும் வேலை. கடையில் வருகிறவர்களோடு பேச வேண்டியதில்லை. பள்ளியை விட்டு எட்டு மாதத்தில் நான் ஆசைப்பட்ட ஒரே வேலை அதுதான். ஆனால் சாப்பாட்டில் கை வைக்கிறவர்களுக்குச் சுகாதாரப் புத்தகம் கட்டாயம். பரிசோதனைகள் எல்லாம் முடிந்துவிட்டன. டாக்டர் ஹஜியெவாவின் முத்திரை ஒன்றுதான் பாக்கி. அவருக்கு மறுநாளிலிருந்து இரண்டு வாரம் விடுமுறை.

"முத்திரை இல்லாம வந்தேன்னு வை, வாசலோட திருப்பி அனுப்பிடுவேன் கிரெமெனா," என்று பென்கா சொல்லியிருந்தாள். "உன் இடத்துக்கு இன்னும் ரெண்டு பொண்ணுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "'டாக்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்'னு சொல்லிக்கிட்டே கதவைத் திறந்து உள்ள போயிடு. எல்லாரும் அப்படித்தானே போறாங்க?"

நான் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு பெண்மணிக்குப் பின்னால் மாடி ஏறினேன். அவர் கேட்டார், பதில் வந்தது, உட்கார்ந்தார். அவருக்கு அடுத்தது நான் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன். காலணிகளுக்கு மேல் கிளினிக்கின் நீல பிளாஸ்டிக் உறைகளை மாட்டிக்கொண்டு, கோட்டுப் பையிலிருந்து கேம் பெட்டியை எடுத்தேன். ஸ்பெயினில் ஸ்ட்ராபெரி பறிக்கும் என் பெரியப்பா மகள் பில்யானா அனுப்பியது. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். நான் பிறப்பதற்கு முந்தைய விளையாட்டுகள் மூவாயிரம் அதற்குள் இருக்கின்றன. சத்தத்தை அணைத்துவிட்டு டாங்கி விளையாட்டைத் திறந்தேன்.

பத்து நிமிடத்தில் வலது கையில் மாவுக்கட்டுப் போட்ட ஒருவர் ஏறி வந்தார்.

"யார் கடைசி?"

"நான்தான்," என்றார் சாம்பல் கோட்டு.

நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். கட்டுக்கை எனக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் தொப்பி வைத்த ஒரு பெரியவர் வந்தார், கேட்டார், சுவரில் சாய்ந்து நின்றார். ஒவ்வொருவராக வர வர, நான் உட்கார்ந்த இடத்திலேயே பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

"அட, இது கழுகு டாங்கி இல்ல?" கட்டுக்கை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "செங்கல்லுக்கு உள்ள கழுகு உக்காந்திருக்கும், அத எதிரி சுட்டா ஆட்டம் காலி. அதுதானே?"

தலையை மட்டும் அசைத்தேன்.

"தொண்ணூத்தி மூணுல இதுக்காக எங்கம்மா டிவியை ஒளிச்சு வச்சாங்க. டிவியையே. போர்வையச் சுத்தி அலமாரிக்குள்ள. பாப்பா, ஒரு ஆட்டம் குடேன்."

கொடுத்தேன். அவருடைய இடது கட்டைவிரல் டாங்கியை ஓட்டியது. சுடும் பொத்தான் வலப்பக்கம், அந்தக் கையோ மாவுக்கட்டில்.

"நீ சுடு, நான் ஓட்டறேன்."

அப்படித்தான் அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் இரண்டு தலைகள் சேர்ந்தன. அவர் பெயர் ஸ்டாமென், பஸ் டிப்போ மெக்கானிக். எஞ்சினிலிருந்து விழவில்லையாம், அக்கா மகளின் கல்யாணத்தில் ஆடும்போது விழுந்தாராம்.

"சுடு. சுடு. இப்ப சுடாத, அது நம்ம செவுரு. ஐயோ, நம்ம கழுகையே சுட்டுட்டியே பாவி."

"நீங்கதான் அந்தப் பக்கம் திருப்புனீங்க," என்றேன். நடைவழியில் நான் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

"ஆஸ்பத்திரியில சுடுறதாம், கழுகாம்," என்றார் தொப்பிப் பெரியவர். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற அவரை எல்லோரும் வெல்கோ மாமா என்றார்கள். "வயசுக்கேத்த வேலையப் பாருங்க."

சாம்பல் கோட்டு அம்மா எங்கள் பக்கம் சாய்ந்தார். "ஏம்மா, செங்கல் விழுமே, அந்த ஆட்டம் இதுல இருக்கா? எங்க பின்னலாடை மில்லுல பன்னெண்டு பொம்பளைங்களுக்கு ஒரு பெட்டி. சாப்பாட்டு நேரத்துல சண்டையே அதுக்குத்தான்."

இருந்தது. ருமியானா அக்கா, அதுதான் அவர் பெயர், மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு ஆரம்பித்தார். செங்கல்கள் மழை மாதிரி விழ, அவர் கையோ அவசரமே படவில்லை. ஸ்டாமென் விசில் அடித்தார்.

"அக்கா, நீங்க மில்லுல பின்னவே இல்ல போலிருக்கு."

"வாய மூடு. நீளத்துண்டு வருது."

அதற்குப் பிறகு நடைவழி எனக்குத் தெரிந்த நடைவழியாக இல்லை. அடுத்து யார் விளையாடுவது என்று பேச்சு வந்தது. எங்கள் ஊரில் வேறு எப்படி முடிவாகும்? பெட்டிக்கும் ஒரு வரிசை வந்தது. புதிதாக மாடி ஏறிய ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே "யார் கடைசி?" என்றார்.

"டாக்டருக்கா, ஆட்டத்துக்கா?" என்றார் ஸ்டாமென்.

"எது சீக்கிரம் நகருது?"

வெல்கோ மாமா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் சுவரோரமாக ஒவ்வோர் அடியாக நகர்ந்து, ருமியானா அக்காவின் தலைக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

பதினொன்றே முக்காலுக்குச் செவிலி தலையை நீட்டினாள். "இன்னும் மூணு பேர்தான். பன்னெண்டு மணிக்கு டாக்டர் கிளம்பிடுவாங்க."

மூன்று பேர் என்றால் ருமியானா அக்கா, ஸ்டாமென், வெல்கோ மாமா. பின்கட்டு அடுப்பின் சூடும், யாரும் பேசத் தேவையில்லாத அந்த மாவு மேசையும் கண்முன்னே நகர்ந்து போயின.

"நான்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "நான் ருமியானா அக்காவுக்கு அடுத்து வந்தேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"எப்ப கேட்ட?" என்றார் வெல்கோ மாமா. "என் காது நல்லாத்தான் இருக்கு. நீ கேக்கல."

"நான் வர்றப்பவே இவ இங்க உக்காந்திருந்தாளே," என்றார் ஸ்டாமென்.

"உக்காந்தா ஆச்சா? குளிருக்கு ஒதுங்குனவங்ககூடத்தான் உக்காருவாங்க. நாப்பது வருஷம் ரயில்ல பாத்தவன் நான். சீட்டுல உக்காந்திருக்கிறவன் எல்லாம் டிக்கெட் எடுத்தவன் இல்ல. கேக்கலைன்னா வரிசையில இல்ல."

அவர் சொன்னது எங்கள் ஊர் சட்டம்தான். நானாக இருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன். முத்திரைக்கான கட்டம் வெறுமையாக இருந்தது.

செவிலி ருமியானா அக்காவை அழைத்தாள். அவர் போட்ட செங்கல்லைப் பாதியில் விட மனமில்லாமல் எழுந்து, பெட்டியை நீட்டினார். "அடுத்து யாரு?"

"நான்," என்று வெல்கோ மாமா கையை நீட்டினார்.

"நான்தான்," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர். "ஸ்டாமெனுக்கு அப்புறம் அக்கா, அக்காவுக்கு அப்புறம் நான்."

"நான் அரைமணி நேரமா இங்கேயே நிக்கறேனே. அக்கா பின்னாலயே நிக்கறேன். எல்லாரும் பாத்தீங்கதானே?"

ஸ்டாமென் கட்டுப் போட்ட கையை மெதுவாக மடியில் வைத்து, மிக மரியாதையாகக் கேட்டார்:

"மாமா, நீங்க கேட்டீங்களா?"

முதலில் ருமியானா அக்கா சிரித்தார், கதவைப் பிடித்துக்கொண்டே. பிறகு நடைவழி முழுவதும் சிரித்தது. மடியில் குழந்தையை வைத்திருந்த ஒரு பெண் குழந்தையோடு குலுங்கினாள். வெல்கோ மாமாவின் முகம் தொப்பி வரைக்கும் சிவந்தது. தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுவது போலப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பாம்பு ஆட்டம் இருக்கா இதுல?" என்று என்னிடம் கேட்டார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"இருக்கு மாமா."

"ஒரு புள்ளி தின்னா ஒரு கட்டம் வளருமே, அதுவா?"

"அதேதான்."

அவர் இருமினார். "நம்ம ரெண்டு பேருமே கேக்கல. அதனால நீ என் இடத்துல டாக்டர்கிட்ட போ, நான் இங்க ஆட்டத்துக்கு நிக்கறேன். என் மாத்திரைப் புத்தகத்த மட்டும் உள்ள எடுத்துட்டுப் போ. வழக்கமான மாத்திரைதான், கையெழுத்து போதும்."

மூச்சு வாங்கியவர் பெட்டியை அவரிடமே விட்டுக்கொடுத்தார்; அந்த முகத்துக்கு யார்தான் கொடுக்க மாட்டார்கள்?

ருமியானா அக்கா வெளியே வந்ததும், ஸ்டாமென் "நீ முன்னால போ" என்று கதவைக் காட்ட, நான் உள்ளே போனேன். டாக்டர் ஹஜியெவா என் புத்தகத்தைப் புரட்டி, தாள்களைப் பார்த்து, முத்திரையை ஊதிவிட்டு அழுத்தினார். அவ்வளவுதான். எழுந்திருக்க வேண்டியவள் எழவில்லை.

"டாக்டர், இன்னொண்ணு கேக்கணும்," என்றேன்.

"எல்லாருக்கும் இன்னொண்ணு உண்டு. சொல்லு."

மாத்திரைப் புத்தகத்தை நீட்டினேன். பெயரைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வெல்கோவோடதா? ரத்த அழுத்தம் பாக்காம நான் கையெழுத்துப் போடறதில்ல. அவரு ஏன் வரல?"

"அவரால இப்ப எந்திரிக்க முடியாது டாக்டர். பாம்பு ரொம்ப நீளமா வளந்துடுச்சு."

டாக்டர் ரத்த அழுத்தமானியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வெல்கோ மாமா நாற்காலியின் நுனியில் இருந்தார். பெட்டியை மடியில் நிறுத்தி, இடது கட்டைவிரலால் மட்டும் ஆடிக்கொண்டு, வலது கையைத் தலை தூக்காமலே நீட்டினார். டாக்டர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்.

"நூத்தி அறுவது."

"சுவத்துல முட்டப் போச்சு, அதான். செத்த பிறகு பாருங்க."

"நீங்களா, பாம்பா?"

பாம்பு அதன் வாலையே கடித்துச் செத்தது. மறுமுறை நூற்று நாற்பத்திரண்டு காட்டியது. டாக்டர் நின்றபடியே, ஸ்டாமெனின் மாவுக்கட்டின் மேல் புத்தகத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே மாவுக்கட்டைப் பிடித்து அவரை உள்ளே அழைத்துப் போனார்.

வெல்கோ மாமா பெட்டியைக் கோட்டுத் துணியால் துடைத்துக் கொடுத்தார். "எந்த பேக்கரி?"

"பென்காவோடது. நாளையிலிருந்து."

"உப்பு ஜாஸ்தி போடுவா அவ. சொல்லி வை."

"நானா?"

"வேற யாரு? உள்ள இருக்கப்போறது நீதானே."

வெளியே டான்யூப் நதிப் பக்கமிருந்து காற்று வீசியது. முத்திரையின் மை இன்னும் காயவில்லை. புத்தகத்தை மூடினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடியே வீடு வரைக்கும் நடந்தேன். காலணிகளின் மேல் மாட்டிய நீல பிளாஸ்டிக் உறைகளைக் கழற்ற மறந்துவிட்டேன் என்பது எங்கள் தெருமுனையில்தான் தெரிந்தது.