துடுப்பு யார் கையில்?

கேப்டன் சிமியு ஜெட் விமானத் தேர்வில் தோற்றுவிட்டார் என்பது அவருடைய வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் தேறிவிட்டதாகவே நினைத்து, மனைவி நஃபுலா சனிக்கிழமை நன்றி விருந்துக்கான ஏற்பாடுகளில் மூழ்கிப் போயிருந்தாள். தேவாலயத்துப் பாடகர் குழு இரண்டு புதுப் பாட்டுகளைப் பழகிக்கொண்டிருந்தது. புங்கோமாவிலிருந்து அவள் தம்பி உயிர்க்கோழிகளைக் கூடையில் கட்டிப் பேருந்தில் ஏற்றி அனுப்பியும் விட்டான். கொல்லையில் அவை கொக்கரிக்கும்போதெல்லாம் சிமியு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

இவ்வளவு காலமும் அவர் வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானம் ஓட்டியவர். விடியும் முன்பே, வெற்றிலைபோல் மெல்லும் மிரா இலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வடக்கே வறண்ட ஊர்களுக்குப் பறப்பார். மண்தரையில் இறங்க வேண்டும். ஆடுகள் விலகினால்தான் இறங்கவே முடியும். அந்த விமானங்களில் மூக்கு ஏறினால் ஓட்டும் பிடியைக் கையால் முன்னே தள்ள வேண்டும், இறங்கிவிடும். நஃபுலா மட்டும் ஒவ்வொரு நாளும் அவருடைய ஃபோன் வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். ஜெட்டில் சேர்ந்தால் நல்ல ஓடுபாதை, வேளைக்கு வீடு. அவள் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவாள். அதற்காகத்தான் இந்த வயதில் மறுபடி மாணவனாகப் போய் உட்கார்ந்தார்.

தேர்வு, தரையிலேயே நிற்கும் சிமுலேட்டர் பெட்டியில்தான் நடந்தது. ஆட்டோபைலட் விமானத்தை அழகாக இறக்கிக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைக்க வேகப் பிடியை இழுத்தபோது அவருடைய தடித்த கட்டைவிரல் அதிலிருந்த ஒரு பொத்தானில் பட்டுவிட்டது. இறங்க வேண்டாம், மறுபடி மேலே ஏறு என்று இயந்திரத்துக்குச் சொல்லும் பொத்தான் அது. மூக்கு நிமிர்ந்தது. சிமியு பழக்கப்படி ஓட்டும் பிடியை முன்னே தள்ளினார். அது இன்னும் நிமிர்ந்தது. அவர் இன்னும் தள்ளினார். கடைசியில் விமானம் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்று, வேகம் செத்து, கீழே சரிந்தது. திரை உறைந்தது.

பின்னால் இருந்த பரிசோதகர் கல்காலோ அதிகம் பேசுகிறவர் இல்லை. "வெள்ளிக்கிழமை காலை இன்னொரு வாய்ப்பு. அதோட சரி" என்றார்.

வியாழக்கிழமை மதியம் வாசலில் மும்புவா வந்து நின்றாள். தேர்வில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் துணை விமானியாக இருந்தவள். தன் பங்கில் தேறிவிட்டாள். மகுவேனியில் இருக்கும் அம்மாவைப் பார்க்க விடுப்பும் வாங்கியிருந்தாள். கையில் ஒரு பொட்டலம் மண்டாசிப் பணியாரம், சூடு ஆறாதது.

"வாம்மா வா! ஊருக்குப் போறேன்னியாமே?" என்றாள் நஃபுலா. மகன் பெயரை வைத்து அவளை எல்லாரும் வெகேசாம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அடுத்த வாரம் போய்க்கிறேன், வெகேசாம்மா. நாளைக்கு மறுதேர்வுல கேப்டன் பக்கத்துல தெரியாத ஆள் உக்காந்தா நல்லா இருக்காது, அதான்."

"மறுதேர்வா?"

கொல்லையில் ஒரு சேவல் கூவியது. சிமியு ஜன்னலைப் பார்த்தார். மும்புவா மண்டாசிப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"வெகேசாப்பா," என்றாள் நஃபுலா, மிக மெதுவாக. "பாடகர் குழுவுக்குச் சட்டை தைக்கக் கொடுத்தாச்சு. அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"கோழி வந்தாச்சு."

"தினமும் அதுங்க எனக்கு ஞாபகப்படுத்துதுங்க."

அவள் திட்டப் போகிறாள் என்று நினைத்தார். அவள் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். "பசியோட யாரும் எதுலயும் தேற முடியாது. உக்காருங்க ரெண்டு பேரும். என்ன ஆச்சுன்னு எனக்கும் சொல்லுங்க."

மும்புவா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "முன்னாடி பலகையில எழுத்து மாறினதை நான் பார்த்தேன், கேப்டன். ஏறுற நிலைக்குப் போயிடுச்சுன்னு அதுல வந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், பெரியவர்கிட்ட எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

"எனக்கா? நான் அந்தப் பலகைப் பக்கமே திரும்பலையே! நீ சும்மா இருக்கியே, எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு நான் நினைச்சேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது மும்புவா.

"சரி, தள்ளினா ஏன் இறங்கலை? அது மட்டும் எனக்குப் புரியவே இல்லை" என்றார் சிமியு. "புத்தகத்துல ரெண்டு தடவை படிச்சேன். எழுத்து புரியுது, விஷயம் புரியலை."

"எனக்கும் பாதிதான் கேப்டன்."

அதற்குள் தண்ணீர் கொதித்தது. நஃபுலா மக்காச்சோள மாவைக் கொட்டி உகாலி கிண்டத் தொடங்கினாள். மாவு இறுக இறுக, மனைவியிடம் பட்ட கடனைக் கொஞ்சமாவது தீர்க்கலாம் என்று சிமியு எழுந்து போய், அவள் பிடித்திருந்த மரத் துடுப்பைத் தானும் பிடித்துச் சுழற்றினார். அவள் வலப்பக்கம் இழுத்தாள். அவர் இடப்பக்கம் தள்ளினார். ஏதோ அடிப்பிடிக்கிறது என்று அவள் இன்னும் அழுத்தினாள். மாவு இறுகிவிட்டது என்று அவரும் அழுத்தினார். துடுப்பு துள்ளி, சுடச்சுட ஒரு கவளம் உகாலி பறந்து போய் மும்புவாவின் மண்டாசிமேல் விழுந்தது.

"கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு!" என்று கத்தினாள் நஃபுலா. "பாத்திரம் பிடிச்சிக்கிச்சுன்னு நான் அழுத்துறேன், இது உங்க கையா? ஒண்ணு நான் கிண்டணும், இல்ல நீங்க கிண்டணும். வேணும்னா விடுன்னு சொல்லுங்க, விட்டுடறேன். ரெண்டு பேர் எப்படிக் கிண்டுறது?"

சிமியு துடுப்பை விடவில்லை. அப்படியே நின்றார்.

"மும்புவா."

"ஆமா கேப்டன்," என்றாள் அவள். கண்கள் விரிந்திருந்தன. "ஆட்டோபைலட்டுக்கு உங்க கை தெரியாது. ஏதோ காத்து மூக்கைக் கீழ தள்ளுதுன்னு நினைச்சுக்குது. அதான் வாலை வச்சு இன்னும் மேல தூக்குது."

"நான் தள்ளத் தள்ள..."

"அது தூக்கத் தூக்க!"

"அது என்கூட சண்டை போடலை!" என்றார் சிமியு. ஏதோ பெரிய மனஸ்தாபம் தீர்ந்தவர்போல முகம் மலர்ந்தது. "சொன்ன வேலையைத்தான் பாவம் செஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. ஒண்ணு அதையே ஓட்ட விடணும், இல்ல ஆட்டோபைலட்டை எடுத்துட்டு நான் பிடிக்கணும்."

"முதல்ல என் துடுப்பை விடுங்க" என்றாள் நஃபுலா.

சாப்பாட்டுக்குப் பிறகு மூவரும் விளையாட்டாகவே பழகினார்கள். நஃபுலா இயந்திரமாக இருந்தாள். துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு ஏற்றினாள், இறக்கினாள். அவள் நிலை மாறும்போதெல்லாம் மும்புவா உரக்கச் சொல்ல வேண்டும். சிமியு கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஒருமுறை கேட்காமல் பிடித்துவிட்டார். இயந்திரம் அவர் விரலில் ஒன்று போட்டது. கிளம்பும்போது நஃபுலா மும்புவாவின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னதாக ஒரு ஜெபம் சொன்னாள். அதில் கோழிகளுக்கும் ஒரு வரி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எல்லாம் நன்றாகவே போனது. தரை நெருங்கியது. சிமியு வேகப் பிடியை இழுத்தார். மனம் பாடம் படித்திருந்தது, கட்டைவிரல் படிக்கவில்லை. மறுபடி அதே பொத்தானில் பட்டது.

மூக்கு நிமிர்ந்தது. அவருடைய கை தானாக முன்னே போனது. பாதி வழியில் நின்றது.

"பலகையில என்ன?" என்றார்.

"ஏறுற நிலை! துடுப்பு அது கையில, கேப்டன்!" என்று மும்புவா பெட்டியே அதிரக் கூவினாள்.

"சரி, அதுவே கிண்டட்டும். நான் கை வைக்கலை. ஏறிச் சுத்தி வருவோம்."

விமானம் அமைதியாக ஏறியது. ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது. ஓடுபாதை நேராகத் தெரிந்தபோது, சிமியு சிவப்புப் பொத்தானை அழுத்தி ஆட்டோபைலட்டை விலக்கினார். "விடு. இப்ப துடுப்பு எனக்கு" என்றார். மண்தரையில் ஆடுகளுக்கு நடுவே இறங்கிப் பழகிய கைகள் அவை. சக்கரம் தொட்டதே தெரியவில்லை.

விளக்குகள் எரிந்தன. கல்காலோ குறிப்பேட்டை மூடினார்.

"பொத்தானை மறுபடியும் தெரியாமத்தான் அமுக்கினீங்க?"

"ஆமா" என்றார் சிமியு. "இந்த விரலை இன்னும் பழக்கணும்."

"பழக்குங்க. விரல் எல்லாருக்கும் தப்புப் பண்ணும். அது தப்புப் பண்ணின பிறகு என்ன நடக்குதுன்னு இன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நான் பார்க்க வந்தது அதைத்தான். தேறிட்டீங்க." பிறகு முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "அதென்ன துடுப்பு?"

மும்புவா சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "நாளைக்கு வீட்டுக்கு வாங்க, காட்டுறேன்" என்றார் சிமியு.

வந்தார். கல்காலோவின் கையில் ஒரு குடுவை ஒட்டகப் பால் இருந்தது. பாடகர் குழு புதுச் சட்டையில் மின்னியது. நன்றி சொல்ல எழுந்த சிமியு, முதலில் தோற்றதைத்தான் சொன்னார். பிறகு, தன் அம்மாவைப் பார்க்கும் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு மண்டாசியோடு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். கடவுள் தேவதூதர்களை அனுப்பும்போது சிறகு கட்டித்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் அது புரிந்தது. பாட்டு கூரையைத் தூக்கியது.

சமையல் பக்கம் நஃபுலா பெரிய பானையில் உகாலி கிண்டிக்கொண்டிருந்தாள். கல்காலோ அருகே போய் நின்று பார்த்தார். அவருக்குக் கை துறுதுறுத்தது போலிருக்கிறது. மெல்லக் கையை நீட்டினார்.

நஃபுலா நிமிர்ந்து பார்த்தாள்.

கல்காலோ கையைப் பாதி வழியில் நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தேர்வறையில் பேசும் அதே குரலில் கேட்டார்:

"துடுப்பு இப்ப யார் கையிலம்மா?"